பழைய பேப்பர்க் கடைக்குப் போகும் தொடர்கதைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜனவரி பிறந்தால் சென்னைப் புத்தகக் காட்சியைப் பற்றி உங்கள் நாளிதழில் தினமும் செய்தி வருகிறது. எந்த நூல் அதிகம் விற்றது, யார் யார் வந்தார்கள் என்று விவரமாகப் போடுகிறீர்கள். சந்தோஷம். பழைய புத்தகங்களுக்கும் அப்படிக் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். குறிப்பாக, எந்தப் பதிப்பகமும் போடாத ஒரு வகைப் புத்தகம் உண்டு. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் பிரித்தெடுத்து, வாரம் தவறாமல் அடுக்கி, வீட்டிலேயே தைத்தோ பைண்டரிடம் கொடுத்தோ கட்டி வைத்தது. ஒரு காலத்தில் இது இல்லாத நடுத்தரக் குடும்பம் குறைவு. இன்று அவையெல்லாம் கிலோ கணக்கில் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

நான் கும்பகோணத்தில் பைண்டிங் தொழில் செய்பவன். அப்பாவுக்கும் இதே தொழில். கணக்குப் பேரேடு, வக்கீல் ஆபீஸ் கட்டு, பள்ளிக்கூடப் புத்தகங்கள் என்று வயிற்றுப்பாடு ஓடும். பழைய புத்தகம் சேர்க்கும் பழக்கம் அப்பாவிடமிருந்து எனக்கும் வந்தது. உ.வே.சா. எங்கள் ஊர்க் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டே சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர். அது 1887இல் வெளிவந்தது. அந்தக் காலத்துப் பதிப்புகள் சில என்னிடம் உண்டு. தமிழ் எண்ணில் பக்கம், சர்வசித்து, விரோதி என்று வருஷப் பெயர், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கொம்பு போட்ட லை, னை. பேரப்பிள்ளைகள் அந்த லையைப் பார்த்து இது என்ன எழுத்து என்று கேட்பார்கள். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றின் அருமை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தொடர்கதை பைண்டுக்குப் பரிந்து பேச ஆள் இல்லை.

என்னிடம் உள்ள ஒன்றைச் சொல்கிறேன். 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கி 1954இல் முடிந்த ‘பொன்னியின் செல்வன்’. மூன்றரை வருஷம் வாராவாரம் பத்திரிகை வாங்கி, ஒன்றையும் தொலைக்காமல் வைத்திருந்து கட்டியிருக்கிறார்கள். தொழிலாளி கட்டியதல்ல, வீட்டு வேலை. அட்டை பழைய காலண்டர் அட்டை. கோணி ஊசியால் ஓரத்தில் துளை போட்டு, முறுக்கு நூலால் தைத்திருக்கிறார்கள். ஓரத்தையல் என்பதால் உள்பக்கத்து வரிகளில் முதல் எழுத்து மடிப்புக்குள் போய்விடும். விரித்துப் பிடித்துத்தான் படிக்க வேண்டும். முதலில் கோடு போட்ட தாளில் பொருளடக்கம். அத்தியாயத்தின் பெயருக்கு எதிரே அது வந்த இதழின் தேதி. நடுவில் ஒரு வாரத்து இதழ் கிடைக்கவில்லை போலிருக்கிறது. யாரிடமோ இரவல் வாங்கி, அந்த அத்தியாயம் முழுவதையும் ஊதா மையில் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். மணியம் வரைந்த படம் இருந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டு, உள்ளே ‘வந்தியத்தேவன் குதிரைமேல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. படத்தை வரைய முடியவில்லை, விட்டுவிடவும் மனசு வரவில்லை. கடைசி அட்டையின் உள்பக்கத்தில் யார் யார் வாங்கிப் போனார்கள் என்று தெருக்காரர்களின் பெயர்கள். திரும்பி வந்ததும் பெயரை அடித்திருக்கிறார்கள்.

இந்தக் கதை இன்று எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். நாட்டுடைமை ஆன பிறகு மலிவு விலையிலும் வந்தாகிவிட்டது. ஆனால் அந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் மணியம் படங்கள் இல்லை. அப்புறம், பத்திரிகைப் பக்கத்தில் கதையோடு சேர்ந்து வந்த சோப்பு விளம்பரம், மருந்து விளம்பரம், துணுக்கு, சிரிப்பு எதுவும் இல்லை. கலைமணி என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பா’ளைக் கோபுலுவின் கோடுகளோடு வாரம் ஒரு பகுதியாகப் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சிக்கல் சண்முகசுந்தரத்தின் முகம் அவர்களுக்குக் கோபுலு போட்ட முகம்தான், பிறகுதான் சினிமா.

பழைய இதழ்கள் நூலகங்களில் இருக்கின்றனவே, கிழித்துக் கட்டியது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நூலகத்தில் உள்ள இதழ்களைப் பார்த்தால் அந்த வருஷம் என்னென்ன அச்சானது என்று தெரியும். அதில் எதைச் சனங்கள் தூக்கிப் போட மனமில்லாமல் எடுத்து வைத்தார்கள் என்பது இந்தக் கட்டுகளில்தான் தெரியும். பெயர் மறந்துபோன எத்தனையோ எழுத்தாளர்களின் தொடர்கதைகள் நூலாகவே வரவில்லை. என் கைக்கு வந்த கட்டுகளில் அப்படிப்பட்டவையும் உண்டு.

பழைய புத்தகம் சேர்த்த கோட்டையூர் ரோஜா முத்தையா 1950களிலேயே இதை உணர்ந்திருந்தார். புத்தகத்தோடு பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகைவரை சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. நல்லவேளையாக அது கடல் தாண்டிப் போகாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. சென்னை மூர் மார்க்கெட்டில் இருந்த பழைய புத்தகக் கடைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1985 தீயில் மார்க்கெட்டே போய்விட்டது. அப்பா அங்கே வாங்கி வந்தவை சில இன்னும் என் அலமாரியில் உள்ளன.

சில மாதங்களுக்கு முன் ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். இருபதுக்கு மேல் தொடர்கதை பைண்டுகள். ஒரு நூலகத்துக்கு இலவசமாகக் கொடுக்கலாம் என்று அந்த வீட்டுப் பிள்ளையோடு நானும் போனேன். தலைப்புப் பக்கம் இல்லை, பதிப்பகம் இல்லை, விலை இல்லை, இதைப் பதிவேட்டில் எப்படி ஏற்றுவது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்த அலுவலர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை என்பதுதான் உண்மை. அந்தக் கட்டத்தை உருவாக்குங்கள் என்று பொது நூலகத் துறையை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ‘தொடர்கதைத் தொகுப்பு’ என்று ஒரு தலைப்பு, கதை, எழுத்தாளர், இதழ், ஆண்டு, கொடுத்தவர் ஊர். மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு பீரோ போதும். தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றி வருகிறது. இவையும் அந்த வரிசையில் சேரட்டும். ஸ்கேன் செய்ய முதலில் பொருள் இருக்க வேண்டுமே.

வாசகர்களுக்கும் தொழில்காரனாகச் சில வார்த்தை. கிழிந்த பக்கத்துக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் அது மஞ்சளாகிக் காய்ந்து, எழுத்தையும் கூட எடுத்துக்கொண்டு வரும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பத்திரிகைத் தாள் மரக்கூழ்த் தாள், வெயில் பட்டால் பழுப்பேறி அப்பளமாக நொறுங்கும். ஜன்னல் ஓரத்தில் வைக்காமல் மூடிய அலமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்துப் பக்கங்களைப் புரட்டினாலே ராமபாணப் பூச்சி பெரும்பாலும் அண்டாது. மறுபடி பைண்டு செய்யக் கொடுத்தால், ஓரத்தை மெஷினில் வெட்டாமல் கட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் கொஞ்சம் எழுத்து போகும். மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்கச் சொல்லுங்கள், பூச்சி வராது. பழைய அட்டையில் பெயரோ கையெழுத்தோ இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் உள்ளே வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

எந்த நூலகமாவது இவற்றை வாங்கிக்கொள்ள முன்வந்தால், தஞ்சை மாவட்டத்துக்குள் எங்கிருந்தாலும் நானே வந்து பிரித்துத் தைத்துக் கொடுக்கிறேன். கூலி வேண்டாம். அட்டைக்கு ஒட்டும் காலிகோத் துணியும் நூலும் மட்டும் அவர்கள் வாங்கித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
பைண்டிங் தொழிலாளி ஒருவர்,
கும்பகோணம்.