தேளு இருக்கட்டும், அண்ணி எங்க சார்?

ஆசிரியருக்கு வணக்கம். நகைச்சுவையா வாழ்க்கைக் கதை எழுதுறவங்க எல்லாருமே புளுகுமூட்டைன்னு ஞாயிறு மலர்ல ஒரே போடா போட்டிருந்தீங்க, அதான் இந்த லெட்டர்.

ஜெரால்ட் டரல் 1956ல எழுதின 'மை ஃபேமிலி அண்ட் அதர் அனிமல்ஸ்' எடுத்துக்குங்க, 1930கள்ல கிரீஸ் பக்கம் கோர்ஃபு தீவுல குடும்பத்தோட இருந்த கதை. அண்ணன் லாரி சிகரெட் பத்தவைக்க தீப்பெட்டியைத் திறந்தா, தம்பி அடைச்சு வெச்ச தாய்த்தேளு முதுகுல குட்டிங்களோட அவர் கை மேல ஏறுது, வீடே ரெண்டாகுது. இதுல கொஞ்சம் மசாலா தூவியிருந்தா தூவட்டுமே, யாருக்கென்ன நஷ்டம்? ஆனா நிஜத்துல லாரிக்கு அப்பவே கல்யாணமாகி மனைவி நான்சியோட பெரும்பாலும் தனியாதான் இருந்தாரு, புத்தகத்துலயோ அம்மா வீட்டுலயே உக்காந்து எல்லாரையும் நக்கலடிக்கிறாரு, நான்சின்னு ஒரு ஆளே கிடையாது! எனக்கு உறுத்துறது இதுதான். ஊதிப் பெருசாக்கினா படிக்கிறவனுக்கே தெரிஞ்சிடும், சிரிச்சிட்டுப் போயிடுவான், கூட இருந்த மனுஷியையே காணாம பண்ணினா எப்படிக் கண்டுபிடிப்பான்?

அமெரிக்க எழுத்தாளர் டேவிட் செடாரிஸை 2007ல ஒரு பத்திரிகை இப்படி நோண்டினதுக்கு அப்புறம், 2008ல வந்த புத்தகத்துல கிட்டத்தட்ட நிஜம்னு குறிப்பே போட்டுட்டாரு. அது நேர்மை. உங்க கட்டுரையாளர் இவங்க எல்லாரையும் ஒரே கணக்குல சேத்துட்டாரு சார்.

- ஒரு வாசகர், திருச்சி