டியோகோ ஜோட்டா அஞ்சலி: ஞாயிறு மாலை கூடுவோம்

வணக்கம் நண்பர்களே.

நம் லிவர்பூல் காற்பந்துக் கிளப் வீரர் டியோகோ ஜோட்டா நேற்று (ஜூலை 3, 2025) ஸ்பெயினில் கார் விபத்தில் இறந்துவிட்டார். வயது 28. கூடவே சென்ற தம்பி ஆண்ட்ரே சில்வாவும் போய்விட்டார். கல்யாணம் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மூன்று சின்னப் பிள்ளைகள். நினைத்தாலே மனசு ஆறவில்லை. ஏப்ரலில் எவர்ட்டன் அணியின் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே புகுந்து அவர் போட்ட அந்த ஒரே கோல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

1. ஜூலை 6, ஞாயிறு மாலை 7 மணி, நம் புளோக் வாய்ட் டெக் (கீழ்த்தளத் திறந்த இடம்). நகர மன்ற அனுமதி வாங்கியாச்சு.
2. அன்றைய காற்பந்து ஆட்டம் ரத்து.
3. சிவப்புச் சட்டை போதும். அவருடைய 20ஆம் எண் ஜெர்சி வைத்திருப்பவர்கள் அதையே போட்டு வாருங்கள். இதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம்.
4. மெழுகுவத்தி வேண்டாம், பேட்டரி விளக்கு கொண்டுவாருங்கள்.
5. எரிந்த காரின் படம், வீடியோ எதையும் இங்கே போடாதீர்கள். தயவுசெய்து. நம் பிள்ளைகளும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள்.
6. அப்புறம், இரங்கல் ஏடு ஒன்று வைக்கிறோம். தமிழிலேயே எழுதலாம். கிளப்புக்குத் தபாலில் அனுப்புவோம்.

வருகிறவர்கள் எத்தனை பேர் என்று சனிக்கிழமை இரவு 9 மணிக்குள் பதில் போடுங்கள்.