மனசு சரியில்லன்னு சொன்னா வேலை போகக்கூடாது: சிவில் ஏவியேஷன் டைரக்டருக்கு கோரிக்கை மனு

பெறுநர்: டைரக்டர் அவர்கள், தென்னாப்பிரிக்க சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டி, மிட்ராண்ட்

பொருள்: விமான ஊழியர்களோட மனநலத்துக்கு உதவியும் தெளிவான விதிமுறையும் கேட்டு

மதிப்பிற்குரிய டைரக்டர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்க டோங்காட், வெருலம், சாட்ஸ்வொர்த் பக்கம் இருந்து டர்பன் ஏர்போர்ட்டுக்கு வேலைக்கு போற தமிழ் குடும்பங்க. இங்கிலீஷ் காப்பியும் சேர்த்து அனுப்புறோம், வீட்ல பெரியவங்களும் படிச்சு கையெழுத்து போடணும்னுதான் தமிழ்லயும் எழுதுறோம்.

எங்க கூட வேலை பாக்குற கேபின் க்ரூ பொண்ணு ஒருத்தி, அப்பா தவறினதுக்கு அப்புறம் தூக்கமே இல்லாம தவிச்சா. மெடிக்கல் எய்டுல (மருத்துவ இன்சூரன்ஸ்ல) க்ளெய்ம் போட்டா ரெக்கார்டுல ஏறிடும், அடுத்த மெடிக்கல் செக்கப்ல நோண்டுவாங்கன்னு பயந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரைக்கும் போயி கையில காசு கொடுத்து டாக்டரை பாத்துட்டு வந்தா, மாத்திரைய விட்டமின் டப்பாவுல போட்டுத்தான் பையில வெச்சிருந்தா. மேலதிகாரிகிட்ட சொல்லலாமேன்னு கேட்டதுக்கு "சொன்னவங்க கதி தெரியாதா அக்கா"ன்னா. அவளை தப்பு சொல்ல எங்களுக்கு வாய் வரல.

2015 மார்ச் 24-ல ஜெர்மன்விங்ஸ் விமானத்தை கோ-பைலட்டே ஆல்ப்ஸ் மலையில மோதினதுல 150 பேர் போனாங்க. அவரு வேலை செய்யிற நிலையில இல்லன்னு டாக்டர் எழுதி கொடுத்திருந்தாரு, அதை அந்த கோ-பைலட் கம்பெனிகிட்ட மறைச்சுட்டாரு. லைசென்ஸ் போயிடும்ங்கிற பயம், போனா வருமானத்துக்கு இன்சூரன்ஸ் இல்லாதது, இதெல்லாம் பிரெஞ்சு விசாரணை அறிக்கையிலயே இருக்கு. மனசு சரியில்லாதவங்க எல்லாரும் ஆபத்தானவங்கன்னு நாங்க சொல்லல, அப்படி நெனைக்கிறதே பெரிய அநியாயம். வாய் தொறக்க விடாத முறைதான் ஆபத்து.

அதுக்கப்புறம் ஐரோப்பால ரூல் போட்டு, 2021 பிப்ரவரில இருந்து பைலட்டுங்களுக்கு சக ஊழியர் மூலமா உதவி கெடைக்கிற ஏற்பாட்டை ஏர்லைன்ஸ் கண்டிப்பா வெச்சிருக்கணும்னு ஆக்கிட்டாங்க. அமெரிக்காவுல 2010-லயே டிப்ரஷனுக்கான சில மாத்திரை எடுத்துக்கிட்டே, கண்காணிப்போட பறக்க வழி விட்டாங்க.

நம்ம நாட்டுல 2021-ல மேங்கோ ஏர்லைன்ஸ் நின்னுச்சு, 2022-ல காம்ஏர் விமான கம்பெனி மூடுச்சு, அதுல வேலை போனவங்க எங்க தெருவுலயும் இருக்காங்க, இப்படி பாத்தவங்க யாராவது தைரியமா எனக்கு முடியலன்னு சொல்லுவாங்களா சொல்லுங்க.

நாங்க கேக்கறது, சக ஊழியர் உதவி ஏற்பாடு எல்லா கம்பெனியிலயும் கட்டாயம் இருக்கணும், அங்க பேசுறது மேனேஜர் காதுக்கு போகக்கூடாது, உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் விதிவிலக்கு. சிகிச்சைக்கு போனா எத்தனை நாள் நிறுத்தி வைப்பீங்க, திரும்ப சேர என்ன செய்யணும்னு சாதாரண ஆளுக்கும் புரியுற மாதிரி வெளியிடுங்க. எல்லாத்தையும் விட முக்கியம், அந்த நாளுக்கு சம்பளத்துக்கு வழி வேணும், வீட்டு லோன் கட்டுறவனுக்கு அது இல்லாம மத்த எதுவும் பிரயோஜனப்படாது. லக்கேஜ் ஏத்துறவங்க, க்ளீனிங் ஆளுங்களுக்கு பைலட் மாதிரி மெடிக்கல் சர்டிபிகேட் கெடையாது, அதனாலயே அவங்கள யாரும் கண்டுக்கறதில்ல, விடியக்காலை ஷிஃப்ட் மாத்தி மாத்தி போட்டு நொந்து கெடக்காங்க, அவங்களையும் இதுல சேருங்க.

நேர்ல பேச ஒரு தேதி கொடுங்க, மிட்ராண்டுக்கு நாங்களே வர்றோம், ஷிஃப்ட் மாத்தி வாங்கணும்ங்கிறதால ரெண்டு வாரம் முன்னாடி சொன்னா போதும்.

இப்படிக்கு,
கீழ கையெழுத்து போட்டிருக்கிற ஊழியர்களும் குடும்பத்தாரும், டர்பன்