செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26: எண்டர்பிரைஸ் கப்பலோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற சங்க உறுப்பினர்களே, குடும்பத்தாரே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிடுங்கள். நான் மாதக் கூட்டங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

உலகின் முதல் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலான அமெரிக்காவின் எண்டர்பிரைஸை உடைக்க 2025இல் ஒப்பந்தம் ஆனது. அணு உலைகளை எடுக்கக் கப்பலையே வெட்டித் திறக்க வேண்டும் என்பதால் அதை அருங்காட்சியகமாக வைக்க வழியில்லை. அதனால் இந்த ஆண்டு முழுக்க அந்தக் கப்பலின் பணி வரலாற்றையே பேசுவது என்று செயற்குழு முடிவு செய்தது.

முதலில் எஞ்சின் அறைக்காரர்கள் பேசினார்கள். 342 மீட்டர் நீளம், 8 அணு உலைகள், 1961 நவம்பரில் பணியில் சேர்ந்தது. உலையின் வெப்பம் நீராவியை உண்டாக்கும், நீராவி டர்பைனைச் சுழற்றும். கொதிகலனோடு காலம் தள்ளிய நம் ஆட்களுக்கு இது சட்டென்று பிடிபட்டது. 1964இல் வேறு இரண்டு அணுசக்திக் கப்பல்களோடு, வழியில் எரிபொருளே நிரப்பாமல், 65 நாளில் உலகைச் சுற்றி வந்தது. அடுத்த ஆண்டே வியட்நாம் போர்.

மிக முக்கியமான கூட்டம் 1969 தீ விபத்தைப் பற்றியது. ஜனவரி 14, ஹவாய் அருகே பயிற்சி. விமான எஞ்சினைக் கிளப்பும் வண்டி ஒன்றின் புகைபோக்கிச் சூடு, பக்கத்து விமானத்தின் இறக்கையில் இருந்த ராக்கெட்டில் பட்டு அது வெடித்தது. எரிபொருள் பற்றியது, குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தன, தளத்தில் ஓட்டை விழுந்து தீ கீழே இறங்கியது. 28 பேர் இறந்தார்கள், 300க்கு மேல் காயம், 15 விமானங்கள் நாசம். இதற்கு முன் 1967இல் ஃபாரஸ்டல் என்ற இன்னொரு அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் நடந்த தீ விபத்தில் 134 பேர் இறந்திருந்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற தீயணைப்பு அணி முதல் வெடிப்புகளிலேயே மடிந்துவிட, குழாயைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துபோனார்கள். தீயணைப்பு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்ற பாடம் அங்கிருந்து வந்தது. எண்டர்பிரைஸ் தப்பியதில் அந்தப் பாடத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, உறுப்பினர்களின் குடியிருப்புகளில் தீயணைப்பான் பிடிக்கக் கற்றுக்கொடுத்தோம். பெண்கள்தான் அதிகம் வந்தார்கள்.

1971 இந்திய–பாகிஸ்தான் போர் பற்றிய கூட்டத்தில் உட்கார இடமில்லை. டிசம்பரில் அமெரிக்க அதிபர் நிக்சன், பாகிஸ்தானுக்கு ஆதரவாக எண்டர்பிரைஸை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார். அதே கடலில் நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், பழுதான கொதிகலனோடு வேகம் குறைந்த நிலையிலும், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) சிட்டகாங் மீதும் காக்ஸ் பஜார் மீதும் விமானங்களை ஏவிக்கொண்டிருந்தது. 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. இரு கப்பல்களும் மோதிக்கொள்ளவில்லை. நம் பேரப் பிள்ளைகளுக்கு எண்டர்பிரைஸ் வந்த கதையை மட்டும் சொல்கிறோம். அந்தக் கொதிகலனோடு மல்லுக்கட்டியவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம் 2001 செப்டம்பர் தாக்குதலின்போது ஊர் திரும்பிக்கொண்டிருந்த கப்பல், பாதி வழியில் திரும்பி ஆப்கானிஸ்தான் போருக்குப் போனது. 2012 டிசம்பரில் பணி முடிந்தது.

வரும் ஆண்டுக்கு, 2007 ஜூலையில் சென்னைக்கு வெளியே நங்கூரமிட்ட அமெரிக்க அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலான நிமிட்ஸை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. அன்று அதற்கு எழுந்த எதிர்ப்பையும் விடாமல் பேசுவோம்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்