பைக்குள்ளேயே இருந்த புத்தகம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் மாணவர்கள் நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தரும் நேரத்தில் நானும் அங்கே நின்றிருந்தேன். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன், தானே ஆசைப்பட்டு எடுத்துப்போன புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தான். "பிடிச்சிருந்ததா?" என்று கேட்டேன். "இன்னும் படிக்கலை சார், பைக்குள்ளேயே இருந்துச்சு" என்றான். அவன் சாக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். அவனுக்குப் பின்னால் நின்ற இரண்டு பிள்ளைகளுக்கும் அதே கதைதான். அந்தப் பதில் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

"பிள்ளைக்கு வாசிப்பில் ஆர்வமே இல்லை", "எங்களுக்கே படிக்க நேரமில்லை" என்ற இரண்டையும் பெற்றோர் கூட்டங்களில் தவறாமல் கேட்கிறேன். நானும் பல ஆண்டுகள் அப்படியே நம்பியிருந்தேன். ஆனால் ஆர்வமும் நேரமும் உள்ள வீட்டில்கூட, புத்தகம் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் யாரும் படிப்பதில்லை. இதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். கண்ணாடி அலமாரியில் அழகாக அடுக்கி வைத்த புத்தகங்கள் ஆண்டுக்கணக்கில் அசையவில்லை. சாப்பாட்டு மேசையில் மறந்து வைத்த ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் புரட்டினார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிதானமாகப் படிக்கிறவருக்கு ஒரு பக்கத்துக்கு 2 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 20 நிமிடம் என்றால் 10 பக்கம். 200 பக்கப் புத்தகம் 20 நாளில் முடிந்துவிடும், ஆண்டுக்கு 18 புத்தகம் ஆகிறது. அந்த 20 நிமிடமும் சேர்ந்தாற்போல் கிடைக்க வேண்டும் என்பதில்லை. பேருந்துக்குக் காத்திருக்கும்போது 5 நிமிடம், எங்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது 5 நிமிடம், தூங்கப் போகும்முன் 10 நிமிடம் என்று சேர்த்துக்கொள்ளலாம். இந்தத் துண்டு நேரங்கள் எல்லோருக்கும் கிடைக்கின்றன. அப்போது கையில் கைபேசி இருக்கிறது, புத்தகம் இருப்பதில்லை.

நூலக அறிவியலுக்கு 1931இல் ஐந்து விதிகளை வகுத்துத் தந்த எஸ். ஆர். ரங்கநாதன், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதையும் அவற்றில் ஒரு விதியாக வைத்தார். தேடி அலைவதில் போகும் நேரம் வாசிப்பிலிருந்து கழிகிற நேரம். நூலகத்துக்காகச் சொன்னது வீட்டுக்கும் பொருந்துகிறது.

ஆகவே உங்களிடம் முதலில் கேட்பது இதுதான். பிள்ளை வீட்டுக்கு வந்து பையைக் கழற்றியதும் நூலகப் புத்தகத்தை வெளியே எடுத்து, கண்ணில் படுகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் வைப்பது மிக நல்லது. கைபேசிக்கு அந்த இடம் வேண்டாம், இரவில் அது வேறு அறையில் சார்ஜ் ஏறட்டும். வெளியே கிளம்பும்போது தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்வதுபோல ஒரு புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பிள்ளை தானாகப் படிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்காக நீங்கள் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். தொடக்க வகுப்புகளில் பிள்ளைகள் தாங்களே படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கடினமான கதையையும் காதால் கேட்டுப் புரிந்துகொள்வார்கள். புதுச் சொற்கள் அப்படித்தான் ஒட்டிக்கொள்கின்றன. உங்களில் சிலர், தங்களுக்குச் சரளமாகப் படிக்க வராது என்று தயங்கித் தயங்கி என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்காகவே அடுத்த பக்கத்தைத் திருப்புகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கைபேசியில்தான் புத்தகம் படிக்கிறவர் என்றால், அதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் நாவல் படிக்கிறீர்களா, வீடியோ பார்க்கிறீர்களா என்பது பக்கத்திலிருந்து பார்க்கும் பிள்ளைக்குத் தெரியாது.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விட்டுவிட அனுமதி கொடுங்கள். எடுத்ததை முடித்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், ஒரே புத்தகத்தில் மாதக்கணக்கில் சிக்கிக்கொண்டு பிள்ளை மொத்தமாகவே ஒதுங்கிவிடும். படக்கதையும் வாசிப்புதான். ஒரே புத்தகத்தைப் பத்துத் தடவை படிப்பதும் வாசிப்புதான், அடுத்து என்ன வரும் என்று தெரிந்த கதையில் பிள்ளைக்குச் சரளம் கூடுகிறது. குறும்பு செய்ததற்குத் தண்டனையாக மட்டும் "போய்ப் புத்தகம் படி" என்று சொல்லாதீர்கள். இதை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளியின் பக்கமும் ஒரு தவறு இருந்தது. எடுத்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் கதைச்சுருக்கம் எழுதி வர வேண்டும் என்று நாங்கள் வைத்திருந்த விதி, வாசிப்பை இன்னொரு வீட்டுப்பாடமாக்கிவிட்டது. அந்த விதியை இந்த மாதத்திலிருந்து எடுத்துவிட்டோம். யாருக்காவது தான் படித்ததைப் பற்றிப் பேசத் தோன்றினால் காலைக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசலாம், விருப்பம் இருந்தால் மட்டும். காலையில் முதல் பாடவேளைக்கு முன் 15 நிமிடம் எல்லா வகுப்புகளும் வாசிக்கும். ஆசிரியர்களும் அப்போது வாசிப்பார்கள், நானும் என் அறையில் வாசித்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் அழைத்தால் நான் எடுக்காவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் கிழிந்தால் பள்ளி திட்டுமோ என்ற பயத்தில் சில வீடுகளில் அதைப் பையிலிருந்து எடுக்கவே விடுவதில்லை என்று தெரிந்துகொண்டேன். கிழிந்தால் கொண்டுவாருங்கள், ஒட்டிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைகளில் பள்ளி முடிந்ததும் ஒரு மணி நேரம் நூலகம் உங்களுக்காகவும் திறந்திருக்கும். பிள்ளையை அழைத்துப்போக வரும்போது உங்கள் பெயரிலும் ஒரு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்