பார்த்துக்கொள்பவரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தமிழ்நாடு அரசு,
தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் திருச்சி பொன்மலையிலும் அதை ஒட்டிய குடியிருப்புகளிலும் வாழும், அறுபது வயதைக் கடந்த சிலர். எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் எழுந்து நடமாட இயலாத, அல்லது நினைவு தப்பிப்போன ஒருவர் இருக்கிறார். அவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்வது நாங்கள்தான். கணவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவி, மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவர், தொண்ணூறைத் தாண்டிய தாயைப் பார்த்துக்கொள்ளும் எழுபது வயது மகன், மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் என்று உறவுகள் வேறுபட்டாலும், படுத்திருப்பவரும் முதியவர், பக்கத்தில் இருப்பவரும் முதியவர் என்பது எங்கள் எல்லாருக்கும் பொது. உங்கள் துறை வீடு தேடி வந்து செய்யும் பணியில் இந்த இரண்டாவது முதியவரையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடல். எல்லார் சார்பிலும் இதை எழுதும் நான், பக்கவாதத்துக்குப் பிறகு நினைவும் மங்கிவிட்ட என் கணவரைப் பார்த்துக்கொள்பவள்.

எங்களுக்குச் சங்கமோ பதிவெண்ணோ கிடையாது. பிசியோதெரபி அறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சிலும் மருந்துக்கடை வாசலிலும் பேசிப் பழகியவர்கள் நாங்கள். இரவு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்த பிறகு ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்து, அன்று மலம் போனதா, காய்ச்சல் விட்டதா, முதுகுப் புண் ஆறுகிறதா என்று கேட்டுக்கொள்வோம். இந்தக் கேள்விகளை முகம் சுளிக்காமல் கேட்கவும் பதில் சொல்லவும் எங்களுக்கு வேறு ஆளில்லை. மூக்குக் குழாய் வழியே கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி வைக்க வேண்டும், கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும், கேழ்வரகுக் கஞ்சியை இரண்டு முறை வடிகட்டாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பவற்றையெல்லாம் நாங்கள் பெரும்பாலும் ஒருவரிடமிருந்து ஒருவர்தான் கற்றோம்.

பொருள்களும் எங்களிடையே கைமாறுகின்றன. ஒரு வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அங்கிருந்த காற்று மெத்தையும் கழிப்பறை நாற்காலியும் துடைத்துக் காயவைக்கப்பட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் சக்கர நாற்காலியின் இடது கைப்பிடியில் பழைய பருத்திப் புடவைக் கிழிசல் இறுக்கிச் சுற்றித் தைக்கப்பட்டிருக்கிறது. அந்த நாற்காலியில் முன்பு அமர்ந்திருந்தவரின் தோல் உரசிப் புண்ணாகாமல் இருக்க அவர் மனைவி தைத்தது. அதை நான் பிரிக்கவில்லை. என் கணவருக்கும் இடது கைதான் செயலிழந்திருக்கிறது.

பேச்சில் நோயைவிட அதிகமாக வருவது பழைய நாள்கள். என் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். விடியும் முன்பே கண்விழித்து, “சங்கு ஊதிடுச்சா?” என்று கேட்பார். “இன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்க, வேலை இல்ல” என்று சொன்னால் சமாதானமாகித் திரும்பவும் கண்ணை மூடுவார். மாலை மங்கத் தொடங்கினால் வீட்டுக்குப் போக வேண்டும் என்பார், தம் சொந்த வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டே. எங்களில் ஒருவரான ஓய்வுபெற்ற ஆசிரியர், தம் தாய்க்கு மகன் முகம் மறந்துவிட்டது என்றும், ஆனால் பால்காரருக்குத் தர வேண்டிய பாக்கியை மட்டும் நாள்தோறும் சரியாகக் கேட்கிறார் என்றும் சொல்வார். இவர்கள் நோயாளிகளாக மட்டும் இருந்தவர்கள் இல்லை என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கும் இவை தெரியும். எனினும் நேற்று இரவும் இதே கேள்விக்குப் பதில் சொன்ன இன்னொருவரிடம் பேசும்போது கிடைக்கும் ஆறுதல் வேறு.

இந்த ஆறுதலை நாங்களே ஒருவருக்கொருவர் தந்துகொள்கிறோம். அதை அரசிடம் கேட்கவில்லை. எங்களால் ஒருவருக்கொருவர் தர முடியாதது உடல்வலுவும் மாற்று ஆளும்.

படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். முப்பது வயதுச் செவிலியருக்கே கடினமான அந்த வேலையை இரவிலும் செய்வது, முழங்கால் தேய்ந்து, எலும்பு மெலிந்து, தானும் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கும் ஒரு மூதாட்டி. எங்களில் ஒருவருக்கு இரு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையில் செலவில்லை என்று தெரிந்தும் அவர் போகவில்லை. பிறகு சில நாள் குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது என்பார்களே, அந்த நாள்களில் கணவரை யார் தூக்குவது? இன்னொருவருக்குக் கருப்பை இறக்கம். பளு தூக்கத் தூக்க அது கூடுகிறது என்று தெரிந்தும், எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு இயல்பான கூச்சத்தால் எந்த மருத்துவரிடமும் அதைச் சொல்லாமல் இருக்கிறார். யாராவது தனியே அழைத்து நேராகக் கேட்டால் சொல்வார். அப்படிக் கேட்பவர்தான் இல்லை. தூக்கம் என்ன ஆயிற்று என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

எங்களைப் போன்றோர் பொன்மலையில் மட்டும் இல்லை. தமிழ்நாட்டு மக்களில் அறுபது வயதைக் கடந்தோர் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இருந்தனர். 2031இல் அது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்று மத்திய அரசின் மக்கள்தொகை மதிப்பீடு சொல்கிறது. இந்தியாவில் அறுபதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. குழந்தைகள் ஒருவரோ இருவரோ, அவர்களும் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ என்று ஆகிவிட்ட குடும்பங்களில், மறதிநோய் கண்ட ஒவ்வொருவர் பக்கத்திலும் இருக்கப்போவது பெரும்பாலும் இன்னொரு முதியவர்தான்.

பிள்ளைகளைக் குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. கைவிடப்பட்ட பெற்றோருக்கு அது வேண்டிய சட்டம். எங்கள் நிலை வேறு. எங்கள் பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள், விடுப்பு கிடைத்தால் ஓடி வருகிறார்கள். வருடம் முழுவதும் இரவு இரண்டு மணிக்கு எழுந்திருக்க அவர்களால் இயலாது என்பது எங்களுக்கே தெரியும்.

முதியோர் நலத்தில் தமிழ்நாடு பிந்தி நிற்கும் மாநிலம் அன்று. முதியோருக்கென்று ஒரு புறநோயாளர் பிரிவு மருத்துவர் வ.செ. நடராசன் அவர்களின் முயற்சியால் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டிலேயே தொடங்கியது; இன்று கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை இயங்குகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், எங்களைப் போன்றோரின் வாழ்க்கையை உண்மையாகவே எளிதாக்கியது. திட்டத்தின் பெண்கள் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதால், அதற்காக வரிசையில் நின்ற நேரம் மிச்சமாயிற்று. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்க்கப்படுகின்றன; இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் படுக்கை வரை வருகிறார்கள். வெயிலில் பையைச் சுமந்து தெருத்தெருவாக நடக்கும் அந்தப் பெண்கள் எங்களுக்கு மகள்களைப் போன்றவர்கள். அவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்தத் திட்டத்தின் மீது இருக்கும் நம்பிக்கையில்தான் கேட்கிறோம். படுக்கையில் ஒருவர் இருக்கும் வீடு என்று பதிவாகும்போதே, அவரை யார் பார்த்துக்கொள்கிறார், அவருக்கு வயது என்ன, இரவில் எத்தனை முறை எழுகிறார், முதுகிலோ முழங்காலிலோ அடிவயிற்றிலோ வலி உண்டா, தள்ளிப்போட்ட அறுவை சிகிச்சை ஏதும் உண்டா, அவர் நாளையே காய்ச்சலில் விழுந்தால் மாற்றாக வர யார் இருக்கிறார் என்னும் கேள்விகளையும் சேர்த்துக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கத்தை மாதம் ஒருமுறையாவது ஒரு மருத்துவ அலுவலர் பார்க்க வேண்டும். மாத்திரை தருபவரே இக்கேள்விகளையும் கேட்கலாம். ஆனால் ஏற்கெனவே சுமை மிகுந்த அப்பெண்களுக்கு இது இன்னொரு கூலியில்லா வேலையாகிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறோம்.

அடுத்தது, கற்றுக்கொடுப்பது. பக்கவாதம் வந்த என் கணவரை நகரத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது, மருந்துச் சீட்டும் கட்டண ரசீதும் தந்தார்கள். எழுபது கிலோ எடையுள்ள மனிதரை எப்படிப் புரட்டுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் அவர் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்க முயன்று மூச்சு வாங்குவதைப் பார்த்த வார்டு ஆயா ஒருவர், என் பையிலிருந்த வேட்டியை எடுத்து நான்காக மடித்து, அவரை ஒருக்களிக்கச் செய்து, தோளிலிருந்து இடுப்பு வரை முதுகுக்கடியில் விரித்தார். எதிர்ப்பக்கத்துக்குப் போய், வேட்டியின் விளிம்பை அவர் உடலையொட்டிச் சுருட்டிப் பிடித்துத் தம் பக்கமாகச் சாய்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பு சத்தமில்லாமல் திரும்பியது. “தூக்காதீங்கம்மா, இழுங்க. கையால இல்ல, உங்க உடம்போட பாரத்தால இழுங்க” என்றார். அதன்பின் நான் சந்தித்த பிசியோதெரபிஸ்டுகள் எல்லாரும் அந்த முறையைச் சரி என்றே சொன்னார்கள். இது தற்செயலாக ஓர் ஆயாவின் கருணையால் எனக்குக் கிடைத்தது. அது கிடைக்காதவர்களின் முதுகெலும்பு என்ன ஆகிறது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். படுத்த படுக்கையாகவோ குழாய்களுடனோ ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் முன், புரட்டுவது, குழாயில் உணவு தருவது, சிறுநீர்ப் பையை மாற்றுவது, புரையேறினால் செய்ய வேண்டியது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளப்போகிறவரையே செய்யச் சொல்லிப் பார்த்து, பிறகே அனுப்ப வேண்டும் என்று அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் நீங்கள் ஆணையிடலாம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். ஒரு செவிலியரின் அரை நாள் போதும்.

எங்கள் கோரிக்கைகளில் செலவு பிடிப்பது மாற்று ஏற்பாடு. அதைத்தான் நாங்கள் மிகவும் விரும்புகிறோம். 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், முதியோரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் 25 அன்புச்சோலை மையங்கள் அறிவிக்கப்பட்டதை மகிழ்ச்சியோடு வரவேற்றோம். ஆனால் பகல்நேர மையம் என்பது அழைத்துச் செல்லக்கூடியவர்களுக்கே உதவும். படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ வட்டார மருத்துவமனையிலோ ஆண்டில் சில நாள்கள் தங்கவைக்கச் சில படுக்கைகளை ஒதுக்கித் தர வேண்டும். நோய் முற்றியதற்காக அன்று. பார்த்துக்கொள்பவர் கண் அறுவை செய்துகொள்ளவும், பேத்தியின் திருமணத்துக்குப் போய் வரவும், வேறொன்றுக்கும் இல்லாமல் தூங்கி எழவும். அவசர நோயாளிகளுக்கே இடம் பற்றாத மருத்துவமனைகளில் இதைக் கேட்பது எளிதன்று என்பதை அறிவோம். எனினும் பார்த்துக்கொள்பவர் இடுப்பெலும்பு முறிந்து விழுந்தால், அதே மருத்துவமனைக்கு அன்று இரண்டு நோயாளிகள் வருவார்கள்.

கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்னும் திட்டத்தின் கீழ், படுக்கையில் இருப்பவரை முழுநேரமும் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கு மாதம் 600 ரூபாய் என்று வகுத்திருக்கிறார்கள். தொகை சிறியது, நிலுவை பற்றிய முறையீடுகளும் அங்கே உண்டு. ஆனாலும் பார்த்துக்கொள்பவர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதை ஓர் அரசு தன் பதிவேட்டில் எழுதியது எங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. பணமா, மாற்று ஆளா என்று எங்களைக் கேட்டால், எங்களில் பெரும்பாலோர் மாற்று ஆள் என்றே சொல்வோம். தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்து, கணவர் விழுந்ததும் அதை விட்டுவிட்ட ஒரு பெண் மட்டும் பணம் என்றார். அவர் சொல்வதும் நியாயம். இரண்டும் எல்லாருக்கும் ஒரே அளவில் வேண்டியதில்லை. அதனால்தான் முதலில் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்கிறோம்.

இக்கேள்விப் பக்கத்தை வகுக்கும்போது எங்களையும் அழைத்துப் பேசுமாறு வேண்டுகிறோம். எங்களால் சென்னைக்கு வர இயலாது. உங்கள் அலுவலர் ஒருவர் திருச்சிக்கு வருவாரானால், முற்பகல் பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையே வரச் சொல்லுங்கள். குளிப்பாட்டி முடித்து, மதிய உணவு கொடுக்கத் தொடங்கும் வரை எங்களில் நான்கைந்து பேராவது ஒரே வீட்டில் கூட முடியும்.

இப்படிக்கு,
பொன்மலையிலிருந்து,
முதியோரைப் பார்த்துக்கொள்ளும் முதியோர் சார்பாக ஒருத்தி.