மாநகராட்சி மன்றத்தின் 200 உறுப்பினர்களுக்கு: குப்பை ஒப்பந்தத்தின் கணக்கை மக்கள் முன் வையுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலை தனியார் கைக்குப் போன கதையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. தீர்மானம் உங்கள் மன்றத்தில்தான் நிறைவேறியது. அதை எதிர்த்து 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் எப்படி உட்கார்ந்திருந்தார்கள், 13ஆம் தேதி நள்ளிரவில் அவர்களைப் போலீஸ் எப்படி அப்புறப்படுத்தியது என்பதெல்லாம் ஊரே பார்த்தது. அந்த மண்டலங்களில் ஒன்றில் குடியிருப்பவன் நான். சொத்து வரி கட்டுகிறவன். என் தெருவைப் பெருக்கியவர்கள் அந்த நடைபாதையில் இருந்தார்கள் என்பதால் எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். இந்த ஒப்பந்தத்தை முழுசாக, இணைப்புகளோடு, விலைப்பட்டியலோடு, தமிழில் வெளியிடுங்கள். மாநகராட்சியே இந்த வேலையைச் செய்தால் என்ன செலவு, தனியார் செய்தால் என்ன செலவு என்று ஒப்பிட்ட கணக்கையும் சேர்த்து வெளியிடுங்கள். கணக்கு போட்டுப் பார்த்துத்தானே முடிவெடுத்திருப்பீர்கள்? அதை எங்களுக்கும் காட்டுங்கள்.

இந்த இரண்டு மண்டலங்களில் வேலை இழந்த ஏறக்குறைய 2,000 பேரில் பெரும்பாலோர் பெண்கள். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ், சுய உதவிக்குழுப் பெயரில் சேர்க்கப்பட்டவர்கள். பலருக்குப் பத்து வருடத்துக்கு மேல் சர்வீஸ். 2015 வெள்ளத்தில் தெருவை வழித்தவர்கள் இவர்கள். கொரோனாவில் நாம் கதவைச் சாத்திக்கொண்டபோது கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் போய்க் குப்பை எடுத்தவர்களும் இவர்கள்தான். மாதம் 23,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தோம், புதிய நிறுவனத்தில் சேர்ந்தால் கைக்கு 16,000 சொச்சம்தான் வரும் என்று அவர்கள் சொன்னார்கள்.

ஆறாயிரம் ரூபாய் குறைவது என்றால் என்ன என்று உங்கள் வார்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ ஒற்றை அறை வாடகை அந்தப் பணத்தில்தான் போகும். மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை அந்தப் பணம்தான். பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை எல்லாம் அதில்தான். புருஷன் இல்லாமலோ, இருந்தும் உதவாமலோ ஒற்றை ஆளாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் இந்த வேலையில் நிறைய. சம்பளம் ஆறாயிரம் குறைந்தால் அவர்கள் எதை நிறுத்துவார்கள்? வாடகையை நிறுத்த முடியாது. தவணையை நிறுத்த முடியாது. மாத்திரையைத்தான் நிறுத்துவார்கள்.

அதைவிடக் கொடுமை, செய்த வருடங்கள் காணாமல் போவது. நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி பதினான்கு வருடம் ஒரே தெருக்களைப் பெருக்கிவிட்டு, புதிதாய்ச் சேர்ந்த ஆளாக ஒரு நிறுவனத்தின் வாசலில் படிவத்தோடு நிற்க வேண்டும். நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய வழக்கு, அதற்காகச் சேர்த்த சந்தா, காத்திருந்த காலம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு 'வேலை போகவில்லையே, நிறுவனத்தில் சேர்ந்துகொள்ளுங்களேன்' என்றது மாநகராட்சி. 480 நாள் தொடர்ந்து வேலை செய்தால் நிரந்தரம் என்று தனியார் ஆலைகளுக்கு 1981இலேயே சட்டம் போட்ட மாநிலம் இது. ஆலை முதலாளிக்கு ஒரு நியாயம், மாநகராட்சிக்கு ஒரு நியாயமா?

கடைசியாக வாங்கிய சம்பளம் குறையக்கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. அந்த ஒரு வரியை நீங்கள் தீர்மானத்திலேயே எழுதியிருக்கலாம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஆளுக்கு 6,000 ரூபாய் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். 2,000 பேருக்கு மாதம் 1 கோடியே 20 லட்சம். வருடத்துக்கு 14 கோடியே 40 லட்சம். பத்து வருடத்துக்கு 144 கோடி. ஒப்பந்தமும் பத்து வருடத்துக்குத்தான், அதன் மதிப்பு 2,000 கோடிக்கு மேல். அப்படியென்றால் ஏழைப் பெண்களின் சம்பளத்தில் கை வைத்துக் கிடைப்பது மொத்தச் செலவில் ஒரு துணுக்கு. சம்பளத்தைக் குறைக்கவில்லை என்றால் அதுவும் இல்லை. பிறகு எதில் மிச்சம்? வண்டியிலா, டீசலிலா, மேற்பார்வையிலா? நிறுவனத்துக்கு லாபம் என்று எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? ஆண்டுதோறும் தொகை ஏறுமா? ஏறினால் எந்த அளவுகோலில்? இதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். ஆகவேதான் அதைக் கேட்கிறேன்.

சென்னையில் இது முதல் முறையும் இல்லை. குப்பை அள்ள 2000இல் ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனம் வந்தது. 2007இல் நீல் மெட்டல் வந்தது. 2012இல் ராம்கி வந்தது. 2020இல் அர்பேசர் சுமீத் வந்தது. ஒவ்வொரு முறையும் நகரம் சிங்கப்பூர் ஆகும் என்ற பேச்சுதான். இருபத்தைந்து வருட அனுபவம் ஒரு நகரத்துக்குச் சின்ன விஷயமா? எந்த நிறுவனம் சொன்னதைச் செய்தது, எது செய்யவில்லை, எவ்வளவு அபராதம் பிடித்தோம், எவ்வளவு பாக்கி என்று ஒரு அறிக்கையை மன்றத்தில் வைத்து விவாதித்துவிட்டு அடுத்த மண்டலத்தைக் கொடுத்திருந்தால் எனக்கு இந்தக் கடிதம் எழுதும் வேலையே இருந்திருக்காது.

2020இல் தனியாருக்கு மண்டலங்கள் போனபோது மன்றமே கிடையாது. 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை அதிகாரிகளின் கையில்தான் மாநகராட்சி இருந்தது. கேட்க ஆள் இல்லை என்று அப்போது சமாதானம் செய்துகொண்டோம். 2022 பிப்ரவரியில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு உங்களை அனுப்பியது கேட்பதற்காகத்தான். ஒரே அமர்வில் கட்டுக்கட்டாகத் தீர்மானங்களை வாசித்து, மேசையைத் தட்டி நிறைவேற்றுவதற்கு 200 பேர் தேவையில்லை. நீங்கள் உட்காரும் கட்டடத்துக்குப் பெயர் கொடுத்த ரிப்பன் பிரபு, உள்ளாட்சிக்கு மக்கள் பிரதிநிதிகள் வேண்டும் என்று 1882இலேயே தீர்மானம் கொண்டுவந்தவர்.

எங்கள் தெருவிலேயே சிலர் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். சங்கம் வைத்துக்கொண்டு ஊரை நாற அடிக்கிறார்கள், தனியார் வந்தால்தான் வேலை நடக்கும் என்கிறார்கள். குப்பை தேங்கிய நாட்களில் எனக்கும் கோபம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் சங்கத்தின் பலத்தைப் பற்றிப் பேசுவதென்றால் எல்லாச் சங்கங்களையும் பற்றிப் பேசுவோம். அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம் என்று அறிவித்தால் அமைச்சர்கள் குழுவாக உட்கார்ந்து பேசுகிறார்கள். பேசட்டும், அது அவர்கள் உரிமை. மத்திய அரசு அகவிலைப்படியை உயர்த்தினால் மாநில அரசு ஊழியருக்கும் உயர்வு வருகிறது. வரட்டும். தேர்தல் நெருங்கினால் ஓய்வூதியம் பற்றி எல்லாக் கட்சிகளும் வாக்குக் கொடுக்கின்றன. தூய்மைப் பணியாளர்களிடமும் அமைச்சர்கள் பல சுற்றுப் பேசினார்கள், உண்மைதான். ஆனால் பேச்சு முறிந்தபோது வந்தது போலீஸ். நிரந்தர வேலை உள்ளவரின் சங்கத்துக்கு ஒரு மரியாதை, நிரந்தரத்துக்காகவே போராடுகிறவரின் சங்கத்துக்கு வேறு மரியாதை. இந்த வேலையைச் செய்பவர்கள் எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்பதும் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

திரு.வி.க. யார்? 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை உண்டாக்கியபோது அவர்களோடு நின்றவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாறு சொல்லும் சங்கம் அது. அவர் பெயர் வைத்த மண்டலத்தில் வேலை செய்த பெண்கள், சங்கம் சேர்ந்ததற்காக ஊர்ப்பேச்சு கேட்க வேண்டியிருக்கிறது.

தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவுத் திட்டம் அறிவித்தார்கள். நல்ல திட்டம். விடியும் முன்பே வெறும் வயிற்றோடு வேலைக்கு வருகிறவர்களுக்கு அது நிச்சயம் தேவை. ஆனால் அவர்கள் நடைபாதையில் உட்கார்ந்து கேட்டது அதை அல்ல.

எங்களிடம் மட்டும் மாநகராட்சிக்கு எத்தனை கண்டிப்பு! 2022இல் சொத்து வரியை ஏற்றினீர்கள், கட்டினோம். மறுபடியும் ஆண்டுக்கு 6 சதவீதம் என்றீர்கள், அதையும் கட்டுகிறோம். பொது இடத்தில் குப்பை கொட்டினால் 500 ரூபாயாக இருந்த அபராதத்தை 5,000 ஆக்கினீர்கள். சரி, கொட்டுகிறவர்கள் கட்டட்டும். அதே கண்டிப்பு ஒப்பந்ததாரர் மேலும் இருக்கிறதா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? பெருக்காத தெருவுக்கு, வராத வண்டிக்கு, கையுறையும் காலணியும் கொடுக்காததற்கு எவ்வளவு பிடித்தம் என்று மாதாமாதம் வார்டுவாரியாக வெளியிட முடியாதா? 2025 ஆகஸ்ட் 23ஆம் தேதி அதிகாலை கண்ணகி நகரில் மழைநீரில் மின்சாரம் பாய்ந்து ஒரு தூய்மைப் பணியாளர் இறந்துபோனார். வேலை நேரத்தில் ஒரு பெண் செத்துப்போனால் யார் பொறுப்பு, எவ்வளவு பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டிய விஷயம். எழுதியிருக்கிறதா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, இப்படிப்பட்ட விவரங்களை யாரும் கேட்காமலே அரசு அமைப்புகள் வெளியிட வேண்டும் என்கிறது. நான் கேட்டும்விட்டேன். அடுத்த மன்றக் கூட்டத்தில் உங்களில் ஒருவராவது எழுந்து, இந்த இரண்டு மண்டலங்களின் ஒப்பந்தத்தையும் செலவு ஒப்பீட்டையும் வெளியிட வேண்டும் என்று கேளுங்கள். ஆளுங்கட்சி உறுப்பினர் கேட்டால் இன்னும் நல்லது. பிறகு அதை உங்கள் வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் வைத்து வாசியுங்கள், வேலை இழந்த பெண்களையும் கூப்பிடுங்கள். மாநகராட்சி நேரடியாகச் செய்வதைவிடத் தனியார்தான் மலிவு, தரமும் கூடுதல் என்று அந்தக் கணக்கு காட்டினால் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். காட்டவில்லை என்றால், அந்த இரண்டாயிரம் பேரையும் மாநகராட்சியே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தயவுசெய்து புதிய தீர்மானம் கொண்டுவாருங்கள். அதுவரை மீதமுள்ள மண்டலங்கள் எதற்கும் டெண்டர் விடாதீர்கள்.

பணிவுடன்,
வட சென்னையிலிருந்து சொத்து வரி கட்டும் ஒருவன்